உணர்விழந்த கையும் உதவியாளர் கண்ணும்

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி வீழ்வனவென்று யாமும் எண்ணியிருந்தோம். அஃது உண்மையன்று. நோய் நரம்பைத் தாக்க, உணர்ச்சி ஒழிகின்றது. சுடுகலத்தைப் பற்றினும் கை அறியாது. புண்மேற் புண்பட்டே விரல் தேய்கின்றது.

கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்டு, வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். எனினும், நிமிர்ந்த கைக்குத் தொழில் தெரியவில்லை. முன்போல் பிச்சையும் கிடைக்கவில்லை! ஆகவே நவஜீவ நிலையம் தோன்றியது. அங்கே தச்சுவேலையும் மரப்பொம்மை செய்தலும் பயிற்றினர். (டாக்டரும் மருத்துவம் பயிலுமுன் தச்சு பயின்றவரே.)

இத்தகைய தொழில்வழிச் சிகிச்சையில் உதவியாளர்க்குரிய வேலை பெரும்பாலும் பார்த்தலே. உளியின் பிடி மெல்லியதா, அதன் விளிம்பு உறுத்துமா என்று முதலிற் பார்த்தல் வேண்டும். பின்னர் இடையிடையே உள்ளங்கையைத் திருப்பிச் சிவந்த இடந் தேடல் வேண்டும். “வலிக்கவில்லை ஐயா” என்பார் நோயாளர். பிறவிடத்தில் யாம் கேட்டு மகிழுஞ் சொல் அது. இங்கு அதனை நம்பலாகாது. கையைத் தொட்டுப் பார்த்துச் சூடு மிகுந்திருப்பின், உளியை வாங்கி வைத்துவிட்டு, அன்றைக்கு வேறு வேலை தருதல் வேண்டும்.