அழையாமல் நுழைபவனும் சட்டமும்

நம் குழந்தைகள் பலர் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பைக் கணினித் திரையில்தான் படிக்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருவன் அதில் புகுந்து கூச்சல் போட்டாலோ, ஆபாசப் படம் காட்டினாலோ என்ன செய்வது என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நான் வக்கீல் அல்ல. ரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

இந்தத் தொல்லை 2020-இல் கொரோனா ஊரடங்கோடு பெருகியது. 2019 டிசம்பரில் ஜூம் கூட்டங்களில் நாளொன்றுக்கு அதிகபட்சம் 1 கோடிப் பேர் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் அது 20 கோடியைத் தாண்டியது. கூட்டம் சேர்ந்த இடத்தில் போக்கிரிகளும் சேர்ந்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் அரசு வழக்கறிஞர்கள் 2020 ஏப்ரல் 3-ஆம் தேதி, 'இது விளையாட்டல்ல' என்ற பொருளில் எச்சரிக்கை விட்டார்கள். பொதுக்கூட்டத்தைக் குலைத்தல், கணினி ஊடுருவல், மிரட்டல் முதலிய குற்றங்களின் கீழ் வழக்கு வரலாம், சிறையும் அபராதமும் உண்டு என்றார்கள்.

நம் நாட்டிலும் நடந்தது. 2023 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் காணொலி விசாரணையில் விஷமிகள் ஆபாசக் காட்சிகளைப் புகுத்தினார்கள். நீதிமன்றம் அந்த வசதியையே தற்காலிகமாக நிறுத்த நேர்ந்தது. அங்கேயே அப்படி என்றால், நம் வகுப்பு எம்மாத்திரம்?

டிக்கெட் இல்லாமல் ரயிலில் ஏறுவது ஒரு குற்றம். ஏறியவன் காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுப்பது வேறு குற்றம். இங்கேயும் அப்படித்தான். நுழைந்தது ஒன்று, நுழைந்து செய்தது இன்னொன்று. நம் நாட்டில் இதற்கென்று தனிப் பிரிவு இல்லை. செய்த செயலைப் பார்த்துப் பிரிவு வரும்.

2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில்:

1. அனுமதியின்றிக் கணினி அமைப்பில் நுழைவதையும் அதன் இயக்கத்தைக் குலைப்பதையும் 43-ஆம் பிரிவு சொல்கிறது. நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. ஆபாசம் காட்டினால் பிரிவு 67. முதல் முறை 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். வெளிப்படையான பாலியல் காட்சி என்றால் 67ஏ. 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

3. கொலை மிரட்டல் விடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை.

வீட்டில் பெரிய பிள்ளைகள் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வகுப்பின் லிங்கை நண்பனுக்குக் கொடுத்து, 'உள்ளே போய்க் கலாட்டா பண்ணு' என்று ஏவிவிடுவதும் குற்றம். அவன் அப்படியே செய்துவிட்டால், தூண்டியவனுக்கும் அதே தண்டனை என்கிறது 84பி பிரிவு. பதினெட்டு வயது ஆகாதவர்கள் சிறார் நீதி வாரியத்தின் முன் நிற்க வேண்டி வரும். படிப்பு, வேலை என்று கனவு காணும் வயதில் இது தேவையா? பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு முறை சொல்லிவிடுங்கள்.

தடுக்கும் வழி சுலபம். ஸ்டேஷனில் லைன் காலியில்லை என்றால் ரயில் அவுட்டரில் நிற்கும்; சிக்னல் விழுந்தபின்தான் உள்ளே வரும். காத்திருப்பு அறை வசதியும் அதே வேலையைச் செய்கிறது. ஆசிரியர் பெயரைப் பார்த்து ஒவ்வொருவராக உள்ளே விடட்டும். திரைப் பகிர்வு ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். எல்லோரும் வந்தபின் கூட்டத்தைப் பூட்டிவிடலாம். லிங்கைப் பொதுக் குழுக்களில் போட வேண்டாம்.

மீறி யாராவது புகுந்தால், அவனை உடனே வெளியேற்றுங்கள். முடியாவிட்டால் கூட்டத்தையே முடித்துவிடுங்கள். நேரத்தையும் அவன் வைத்திருந்த பெயரையும் குறித்து, திரையைப் படமெடுத்துப் போலீசிடம் மட்டும் கொடுங்கள். ஆபாசக் காட்சியை வாட்ஸ்அப்பில் 'பாருங்கள் அநியாயத்தை' என்று அனுப்பினால், அனுப்பியவர் மேலேயே 67-ஆம் பிரிவு பாயலாம். பக்கத்துக் காவல் நிலையத்திலும் தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் செய்யலாம். உதவி எண் 1930.

பயந்து வகுப்பை நிறுத்திவிடாதீர்கள். வெளிமாநிலத்தில் வளரும் நம் குழந்தைகளுக்குத் தமிழ் எழுத்து கிடைப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான்.