தக்காளிக்குத் துணை செண்டுமல்லி

தண்ணி ஒழுங்கா விட்டும் உச்சி வெயில்ல தக்காளிச் செடி துவண்டு நிக்குதா? ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் அங்கங்கே வீங்கி முடிச்சு முடிச்சாக இருந்தால், அது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. பயறுச் செடியின் வேரிலும் முடிச்சு உண்டு. அது நன்மை செய்வது. விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருப்பதால் உதிராது.

இந்த நூற்புழுவைக் குறைக்கச் செண்டுமல்லி நல்ல துணை. அதன் வேரில் உள்ள ஆல்பா டெர்தையினைல் என்ற பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு. ஆனால் வரப்போரம் நாலு செடி வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது. வேர் ஓடிய இடத்தில்தான் வேலை நடக்கும். பாத்தி முழுக்க அரையடி இடைவெளியில் நெருக்கி நட்டு, 2 முதல் 3 மாதம் வளர்க்க வேண்டும். இடையில் களை விடாதீர்கள். களை வேரில் நூற்புழு பிழைத்துக்கொள்ளும். பிறகு செடியைக் கொத்தி மண்ணோடு மடக்கி, மக்கியதும் தக்காளியோ கத்தரியோ நடலாம். நூற்புழு அடியோடு ஒழியாது. அதனால் பாத்தி மாற்றி மாற்றி இதைச் செய்துவர வேண்டும்.

காய்ப்புழுவுக்கு வேறு முறை. தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டிலும் பூவிலும் விரும்பி முட்டையிடும். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்க வேண்டும். அதனால 40 நாள் செண்டுமல்லி நாற்றையும் 25 நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்துல நடணும். வயலில் 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை. வீட்டுத் தோட்டத்தில் பாத்தி ஓரமாக ஒரு வரிசை. புழு விழுந்த பூவையும் மொட்டையும் அவ்வப்போது பறித்து அழித்துவிடுங்கள். பறிக்காம விட்டா, நாமே புழு வளர்த்த கதைதான்.

கோடையில் செண்டுமல்லியில் செம்பேன் வரும். இலையின் அடிப்பக்கம் படுமாறு தண்ணீரை விசையாகப் பீய்ச்சினால் குறையும்.

விதைக்கு நாட்டு ரகமே வையுங்கள். வீரிய ரகத்தின் விதை தாய்ச்செடி போல வராது. நல்ல செடியில் பூவைச் செடியிலேயே காயவிட்டு, உள்ளே ஊசி போல இருக்கும் கறுப்பு விதைகளை உருவி நிழலில் உலர்த்தி வைத்தால் அடுத்த பட்டத்துக்கு ஆச்சு. மிச்சத்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கும் கொடுங்கள்.