ஜெர்சியைக் கழற்றுவதற்கு முன் ஃபார்ம் 3

பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்துவிட்டீர்களா? பாராட்டுகள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் கவனம் ஈர்த்து, செலக்‌ஷனில் தேறி அந்த இடத்துக்கு வருவது லேசான காரியமில்லை. அந்த உழைப்பு வேலையாக மாற வேண்டுமானால், ஆடுகிற காலத்திலேயே காகித வேலையையும் பார்த்துவிட வேண்டும். நன்றாக ஆடியும் சான்றிதழ்க் கோளாறால் வாய்ப்பைக் கோட்டைவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

மத்திய அரசின் குரூப் 'சி' பணிகளில் 5 சதவீதம் வரை விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரப்பலாம். முன்னுரிமை முதலில் நாட்டுக்காக ஆடியவர்களுக்கு. அடுத்து தேசியப் போட்டிகளில் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவர்களுக்கு. அதற்கடுத்து பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளில் அப்படி வென்றவர்களுக்கு. பள்ளி தேசியப் போட்டிகள் அதற்கும் கீழேதான் வரும்.

பல்கலைக்கழகத்துக்காக ஆடியதற்கான சான்றுதான் ஃபார்ம் 3. எந்த விளையாட்டு, எந்த ஊரில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, அணி பிடித்த இடம் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். பல்கலைக்கழக விளையாட்டு இயக்குநரோ, விளையாட்டுக்கு முழுப் பொறுப்பான அதிகாரியோ நேரடியாகக் கையெழுத்திட்டால்தான் செல்லும். உங்கள் கல்லூரி பி.டி. சார் போடும் கையெழுத்து இதற்கு உதவாது. போட்டியில் தரும் வண்ணச் சான்றிதழை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் ஃபார்ம் 3-ஐத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். அலுவலகப் பதிவேட்டைப் பார்த்துத்தான் தருவார்கள் என்பதால், ஊர் திரும்பிய வாரத்திலேயே கேட்பது நல்லது.

பெயரையும் பாருங்கள். சான்றிதழில் 'எஸ். கார்த்திக்', மதிப்பெண் பட்டியலில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் செல்வராஜ்' என்று நம் ஊரில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சமல்ல. அணிப் பட்டியல் அனுப்பும்போதே மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

ரயில்வே இன்னும் கறார். விளையாட்டு ஒதுக்கீட்டில் நடப்பு நிதியாண்டு, அதற்கு முந்தைய இரண்டு நிதியாண்டுகள், இந்தக் காலத்துச் சாதனைகளைத்தான் கணக்கில் எடுப்பார்கள். முதலாண்டில் வாங்கிய பதக்கம் டிகிரி முடிக்கும்போது காலாவதியாகியிருக்கும். எனவே படிக்கும்போதே அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருங்கள். மொத்தம் 100 மதிப்பெண்ணில் சாதனைக்கு 50, களத் தேர்வுக்கு 40, படிப்புக்கு 10. களத் தேர்வில் 25 எடுக்காவிட்டால் மற்றதைப் பார்க்கவே மாட்டார்கள்.

படிப்புக்குப் பத்துதானே என்று விட்டுவிடாதீர்கள். மேல்நிலைப் பணிகளுக்கு டிகிரி கேட்பார்கள். அரியரோடு வெளியே வந்தால் பதக்கம் இருந்தும் அந்தப் பணிகளுக்கு விண்ணப்பிக்க முடியாது. போட்டிக்குக் கிளம்பும் முன்பே ஓ.டி. (ஆன் டியூட்டி) படிவத்தில் துறைத்தலைவர் கையெழுத்து வாங்கி, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து கேட்டால் அட்டெண்டன்ஸ் கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

தனியார் வேலைக்குப் போகிறவர்கள் ரெஸ்யூமேயில் 'அணித் தலைவர்' என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். அணிக்கு ரயில் டிக்கெட் போட்டது, காலைப் பயிற்சியை லேப் நேரத்தோடு மோதாமல் மாற்றியது, காயம்பட்டவருக்குப் பதில் யாரை இறக்குவது என்று முடிவெடுத்தது, இவற்றில் இரண்டை எழுதுங்கள். என்னைக் கேட்டால், தலைவராக இல்லாமலே இந்த வேலைகளைச் செய்தவருக்குத்தான் நேர்காணலில் சொல்ல நிறைய இருக்கும்.

கல்லூரி முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிடுபவர்கள் அதிகம். அறிவிப்பு வரச் சில மாதங்கள் ஆகலாம். களத் தேர்வில் அன்றைய உடல்தகுதியைத்தான் பார்ப்பார்கள். ஊரில் உள்ள கிளப் எதிலாவது சேர்ந்து, மாவட்ட லீக்கில் தொடர்ந்து ஆடுங்கள்.