முண்ணாண் கட்டிகள்: நோயறிதலும் சிகிச்சையும்

பூண்டுலோயாவின் தேயிலைச் சரிவுகளிலே கொழுந்துச் சுமை சுமப்போர்க்கு முதுகுவலி புதுமையன்று. தைலம் தடவி மறுநாட் காலை மலையேறுதலே வழக்கம். அவ்வலியுட் பெரும்பாலானவை சுமையால் வருவனவே. எனினும், மிகச் சிலருக்கு அது முள்ளந்தண்டினுள்ளே வளரும் கட்டியின் முதல் அறிகுறியாகவும் அமைதல் கூடும். அதனைப் பிரித்தறியுமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

முண்ணாண் என்பது மூளையினின்று இறங்கி, முள்ளந்தண்டெலும்புகளின் நடுவே செல்லும் நரம்புநாண். ஏறத்தாழச் சிறுவிரற் பருமனுடையது. அதனைச் சூழ்ந்த எலும்புக் கால்வாய் விரிந்து கொடாது. ஆதலின், உள்ளே கட்டி வளரின் நசுங்குவது நாணேயாம். படுத்திருக்கும்போதும் இரவிலும் மிகும் வலி, மார்பையோ வயிற்றையோ கச்சைபோற் சுற்றும் வலி, கால்கள் மரத்தல், விறைத்தல், நடை தளர்தல், சிறுநீர் மலம் அடக்கவியலாமை ஆகியன இதன் குறிகள். முள்ளந்தண்டுக் காசநோயும் இவ்வாறே தோன்றலாம். அது மருந்தினால் மாறத்தக்கது. ஆகவே ஊகத்தினால் முடிவு கட்டுதல் தகாது.

இத்துறையின் முதற் பெரு வெற்றி இங்கிலாந்தில் நிகழ்ந்தது. கப்டன் கில்பி என்பார்க்கு 1884இல் இடத் தோட்பட்டையின் கீழே வலி தோன்றிற்று. மருத்துவர் பலர் பலவாறு கூறினர். மூன்றாண்டு கழியுமுன் கால்கள் செயலிழந்தன. வில்லியம் கவர்ஸ் என்னும் மருத்துவர், வலி எழுந்த இடத்தையும் உணர்வு அற்ற எல்லையையும் ஆராய்ந்து, கட்டி இருக்குமிடத்தைக் கணித்தார். 1887 யூன் 9ஆம் நாள் விக்டர் ஹோர்ஸ்லி லண்டனிலே சத்திரசிகிச்சை செய்தார். முதலில் திறந்த இடத்திற் கட்டியைக் காணவில்லை. மேலும் மேலே எலும்பை அகற்றிய பின்னரே அது வெளிப்பட்டது. நோயாளி மீண்டும் நடந்தார்.

இதிலே நாம் கற்கும் பாடம் ஒன்றுண்டு. குறிகள் காலிலே தோன்றினும் கட்டி மார்புக்கு நேரே இருத்தல் கூடும். எக்ஸ் கதிர்ப் படம் எலும்பைக் காட்டுமேயன்றி நாணைக் காட்டாது. இடுப்பை மட்டும் படமெடுப்பின் மேலுள்ள கட்டி தப்பிவிடும். முள்ளந்தண்டு முழுவதையும் காட்டும் எம்.ஆர்.ஐ. படமே இன்று தக்க சோதனை.

நாணுக்குப் புறத்தே, அதன் உறையிலும் நரம்பு வேரிலும் தோன்றுங் கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோயல்ல; அவற்றை முழுதும் அகற்றல் இயலும். நாணுக்குள்ளே தோன்றுவன மிக அரியன. அவற்றுள் எபென்டைமோமா பெரும்பாலும் எல்லை தெளிந்தது. நுண்காட்டியின் துணைகொண்டு அகற்றலாம். அஸ்ட்ரோசைட்டோமாவோ நாணுடன் கலந்து படர்வது. இயன்ற பகுதியை எடுத்து, தேவைப்படின் கதிர்ச்சிகிச்சை அளிப்பர்.

சிகிச்சையின் பயனை நிருணயிப்பது பெரிதும் நோயாளி வந்த நிலையேயாகும். நடக்கும் வலிமை உள்ளபோதே வருவோர் பெரும்பாலும் அதனைக் காத்துக்கொள்வர்; முற்றும் இழந்தபின் வருவோர் அதனை மீளப்பெறுதல் அரிது. கண்டித் தேசிய வைத்தியசாலையிலே நரம்புச் சத்திரசிகிச்சைப் பிரிவு உண்டு. ஆயினும், ஒரு நாட் கூலியை இழக்க அஞ்சி நாட்களைக் கடத்துவோர் நம்மிடையே பலர். கற்ற நாம், நம் அயலிலே கால் தளர்ந்து நடக்கும் ஒருவரைக் காணின், "சுமை வலிதான்" என்று தேற்றி விடாது, உடன் அழைத்துச் செல்வோமாக. கல்வியின் பயன் அதுவன்றோ?