சே குங் சொன்ன குறியா சார்ஸ்?

நம்பிக்கை: 2003-இல் ஹாங்காங்கைத் தாக்கிய சார்ஸ் நோயை சே குங் சாமி முன்னதாகவே சொல்லிவிட்டார்.

ஷா டின் பகுதியில் இருக்கிறது சே குங் கோயில். சே என்பது குடும்பப் பெயர், குங் என்பது மரியாதைச் சொல். சீனப் புத்தாண்டின் இரண்டாம் நாள் அவருக்குப் பிறந்தநாள். அன்று ஹாங்காங் முழுமைக்குமாக ஒருவர் திருவுளச்சீட்டு எடுப்பார். குச்சிகள் நிறைந்த மூங்கில் குழாயை இரு கைகளாலும் பிடித்து, முன்பக்கம் சாய்த்துக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு குச்சி மட்டும் மெல்ல மேலே ஏறி வந்து தரையில் விழும். அதன் எண்ணுக்கு உரிய பாட்டுதான் பலன்.

2003-இல் அரசின் உள்துறைச் செயலர் எடுத்தது 83-ஆம் எண். கெட்ட சீட்டு. அடுத்த சில வாரங்களில் சார்ஸ் பரவியது. 1,755 பேருக்கு நோய் கண்டது, 299 பேர் இறந்தார்கள். சாமி சொன்னது பலித்துவிட்டது என்று அவ்வளவு துயரத்தின் நடுவே மக்கள் நினைத்ததில் வியப்பில்லை.

உண்மை: சீட்டு எடுத்தது பிப்ரவரி 2. அண்டை மாநிலமான குவாங்டோங்கின் ஃபோஷான் நகரில் முதல் நோயாளி படுத்தது 2002 நவம்பரில். குச்சி விழுவதற்கு முன்பே நோய் பக்கத்து வீட்டுக்கு வந்தாயிற்று. பிப்ரவரி 21 அன்று குவாங்டோங்கிலிருந்து வந்து ஓட்டலில் தங்கிய ஒரு மருத்துவரிடமிருந்து அது நகருக்குள் பரவியது. சீட்டைக் காரணமாக்கினால், குவாங்டோங்கில் நோய் மூடி மறைக்கப்பட்ட அந்த மூன்று மாதங்களை மறந்துபோவோம். எனக்கு அதுதான் வருத்தம்.

நம்பிக்கை: சே குங் வரலாற்று நூல்கள் போற்றும் தளபதி.

உண்மை: மங்கோலியருக்குத் தப்பித் தெற்கே ஓடிவந்த சீனாவின் சுங் வம்சத்துச் சிறுவர் அரசரோடு ஹாங்காங்கின் சாய் குங் கடற்கரைக்கு வந்தவர் என்று ஊரார் சொல்கிறார்கள். அரசர் ஓடிவந்தது மெய், 1279-இல் யாமென் கடற்போரில் வம்சம் அழிந்ததும் மெய். ஆனால் அரசவை எழுதிய சுங் வரலாற்றில் சே குங்குக்கென்று ஓர் அத்தியாயம் கிடையாது. அவரைக் காப்பாற்றி வைத்திருப்பது கிராமத்து நினைவுதான்.

அந்த நினைவு அவரைக் குறிகாரராகக் காட்டவில்லை. மிங் ஆட்சியின் கடைசியில் ஷா டின்னில் கொள்ளைநோய் பரவியபோது, சாய் குங்கின் ஹோ சுங் கிராமத்திலிருந்து சாமியை அழைத்து வந்து தெருத்தெருவாகச் சுமந்தார்களாம், நோய் தணிந்ததாம். அப்படி எழுந்த பழைய கோயில், இன்று எல்லோரும் பார்க்கும் 1990-களின் பெரிய கோயிலுக்குப் பின்னால் நிற்கிறது. நோய் வந்த பிறகு மக்களோடு தெருவில் இறங்கியவர் என்பதாலேயே அவர் ஷா டின்னின் சாமி ஆனார்.

புத்தாண்டில் கோயிலுக்குப் போகிறவர்கள் சன்னதியில் இருக்கும் பித்தளைக் காற்றாடியைக் கையால் சுழற்றிவிட்டு முரசில் அடிக்கிறார்கள். திரும்பும்போது, சே குங் பெயரையே தாங்கிய ரயில் நிலையத்தில், பிள்ளைகளின் கையிலெல்லாம் வண்ணக் காகிதக் காற்றாடிகள்.