கூட்டத்துக்குப் போனால் குடி நிற்குமா?

கேள்வி: குடியை விட நினைக்கும் என் கணவர், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்குப் போகத் தயங்குகிறார். வெறும் பேச்சில் குடி நிற்குமா?

பதில்: நிற்க வாய்ப்பு உண்டு, சகோதரி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 27 ஆய்வுகளை அலசியது. இக்கூட்டங்களோடு இணைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 சதவீதத்தினர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்தனர். பிற உளவியல் சிகிச்சைகளில் 35. எல்லோருக்கும் பலிக்காது என்பது உண்மைதான். ஆனால் சாயங்காலம் டாஸ்மாக் வாசலைத் தாண்டி வரும் கால்களுக்கு, அதே வாசலைத் தாண்டிய இன்னொருவரின் துணை பெரிய பலம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயமா? அங்கே முழுப்பெயரோ முகவரியோ சொல்ல வேண்டியதில்லை, கட்டணமுமில்லை. குடியை விடும் விருப்பம் போதும். ஒன்று முக்கியம்: நெடுநாள் குடியைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் டாக்டரைப் பார்க்கட்டும். உங்களுக்கும் அல்-அனான் என்ற குடும்பத்தினர் கூட்டம் உண்டு; அவர் கிளம்பும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம்.