பட்டைத் தாள் பிழை பொறுக்கும்

அன்புள்ள மருமகனே,

சதுரத் தாளில் கொக்கும் தவளையும் மடித்து அலுத்துவிட்டது, நீளமான பட்டையில் என்ன செய்யலாம் மாமா என்று கேட்டிருந்தாய். திருவொற்றியூர்க்காரனான உனக்கு இதன் முதல் பாடம் எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. தென்னை ஓலையில் ஈர்க்கை உருவிப் போட்டபின் கையில் மிஞ்சுவது நீண்ட பட்டைதானே? அதில்தான் நம் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாட்ச் கட்டினார்கள், பாம்பு பின்னினார்கள், பந்து முடைந்தார்கள். குருத்தோலை ஞாயிறு அன்று இராயபுரம் புனித இராயப்பர் கோயில் பக்கம் போனால், கையில் வாங்கிய ஓலையைப் பேச்சுவாக்கில் சிலுவையாக மடித்துவிடும் பாட்டிகளைப் பார்க்கலாம். அவர்கள் விரலைக் கவனி. கத்தரி இல்லை, பசை இல்லை, அளவுகோல் இல்லை. எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் பனையோலையில் பெட்டி முடையும் பெண்களிடமும் இதே கைப்பழக்கம்தான்.

தாளுக்கு வருவோம். காசு கொடுத்து வாங்காதே. பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் கடைகளும் அச்சகங்களும் வரிசையாக இருக்கின்றன. தாளை அளவுக்கு வெட்டும்போது ஓரத்தில் விழும் நீளத் துண்டுகளைக் கேட்டால் கொடுப்பார்கள். கடையில் பில் அடிக்கும் ரோல் வேண்டாம். நகம் பட்டால் கறுக்கும் அந்தத் தாளில் வேதிப்பூச்சு இருக்கிறது, மணிக்கணக்காகக் கையில் வைத்திருக்க ஏற்றதல்ல. இன்னொன்று: உங்கள் பக்கத்துக் கடற்காற்றின் ஈரத்தைத் தாள் குடித்துவிடும். பிறகு எவ்வளவு நீவினாலும் மடிப்பு நிற்காது. பட்டைகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வை.

முதலில் ஒரு முடிச்சு. விரலகலப் பட்டையில், கயிற்றில் போடுவதுபோலச் சாதாரண ஒற்றை முடிச்சுப் போட்டு, மெதுவாக இறுக்கி, சுருக்கம் விழாமல் தட்டையாக அழுத்து. ஐந்து பக்கமும் சமமான ஐங்கோணம் வந்து நிற்கும். பட்டையின் அகலம் எங்கும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். அகலம் மாறினால் ஐங்கோணம் கோணிவிடும். நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையை அதன்மேல் மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார், உள்ளே ஐந்து முனை நட்சத்திரம் தெரியும். பட்டை அகலத்தைப் போல் 25 மடங்கு நீளம் இருந்தால், மிச்சத்தை ஐங்கோணத்தைச் சுற்றிச் சுற்றி மடித்து, முனையைச் செருகி, பக்கங்களை நகத்தால் உள்ளே அழுத்து. புடைத்த குட்டி நட்சத்திரம் தயார்.

இது எளிது. நான் எழுத உட்கார்ந்தது அடுத்ததைச் சொல்லத்தான்.

பட்டையைக் கிடையாக வைத்துக்கொள். இடது ஓரத்தில், கீழ் விளிம்பிலிருந்து மேல் விளிம்புக்கு வலப்பக்கம் சாய்ந்தாற்போல ஒரு மடிப்புப் போட்டுப் பிரி. சாய்வு எவ்வளவு என்று அளக்காதே. அந்த மடிப்பு மேல் விளிம்பைத் தொடும் புள்ளியில், அதற்கு வலப்பக்கம் உள்ள மேல் விளிம்பைக் கீழே கொண்டுவந்து, முந்தைய மடிப்பின் மேல் சரியாகப் படியவைத்து மடி. பிரி. புது மடிப்பு கீழ் விளிம்பைத் தொடும் இடத்தில், கீழ் விளிம்பை மேலே கொண்டுவந்து அதேபோல் மடி. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று பட்டை முடியும்வரை போ. இடது ஓரத்து முக்கோணங்கள் கோணல்மாணலாக இருக்கும். வலப்பக்கம் போகப்போக எல்லாம் ஒரே அச்சில் வார்த்த சமபக்க முக்கோணங்களாகிவிடும். நீ ஒரு கோணத்தைக்கூட அளக்கவில்லை!

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார். முதல் சாய்வு 70 டிகிரி என்று வை. மேல் விளிம்பில் அந்த மடிப்புக்கு வலப்பக்கம் இருக்கும் கோணம் 180-இல் 70 போக 110. நீ அதைப் பாதியாக்குகிறாய்: 55. அடுத்தது 125-இல் பாதி: 62.5. பிறகு 58.75, 60.625, 59.69. பிழை 10-இல் தொடங்கி 5, 2.5, 1.25 என்று பாதி பாதியாகக் குறைகிறது. ஒருமுறை 60-க்கு மேலே, ஒருமுறை கீழே. முதல் மடிப்புக்கு அப்பால் பத்து மடிப்பு போனால் அது ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நடுவில் உன் விரல் புதிதாகச் செய்யும் சிறு பிழையும் அடுத்தடுத்த மடிப்புகளில் இப்படியே கரையும். பட்டை நீளமாக இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். கோணலான முன்பகுதியை வெட்டி எறிந்துவிடலாம்.

சதுரத்தின் குணம் வேறு. அதை அழகாக எழுதியவர் நம் நாட்டுக்காரர், டி. சுந்தர ராவ். தாள் மடிப்பால் வடிவியல் கற்பிக்கும் அவருடைய ஆங்கில நூலைச் சென்னை அடிசன் கம்பெனி 1893-இல் வெளியிட்டது. ஜெர்மனியின் பெரிய கணிதர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட, அதன் வழியாக அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் கண்ணில் பட்டு, 1901-இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. சதுரத்தை நடுவில் மடித்து, பக்கத்து மூலை நகராதபடி ஒரு மூலையை அந்த நடுக்கோட்டின்மேல் படியவைத்தால் 60 டிகிரி துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் மூலை ஓர் இம்மி நகர்ந்தால் அந்தப் பிழை அப்படியே நிற்கும், திருத்த வழியில்லை. எனக்கு இரண்டும் பிடிக்கும். என்றாலும் கற்றுக்கொள்ளும் கைக்கு முதலில் பட்டையைத்தான் கொடுப்பேன்.

இந்தப் பட்டை வித்தையை நெடுங்காலம் ஆராய்ந்த கணிதர்கள் பீட்டர் ஹில்டனும் ஜீன் பெடர்சனும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று மடித்தால் ஐங்கோணத்துக்கான கோணம் வரும். மேலே இரண்டு, கீழே ஒன்று என்றால் எழுகோணத்துக்கு உரியது. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான எழுகோணத்தைத் துல்லியமாக வரைய முடியாது என்று உன் கணக்கு ஆசிரியர் சொல்வார். பட்டையும் துல்லியத்தைத் தொடாது. ஆனால் நீ கேட்கும் அளவுக்கு அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

இப்போது அந்த முக்கோணங்களில் சீரான பத்தை வெட்டியெடு. இடமிருந்து வலமாக எண்ணிடு. 1939-இல் ஆர்தர் ஸ்டோன் என்ற ஆங்கிலேய மாணவர் பிரின்ஸ்டனில் படித்தபோது, அமெரிக்கத் தாள் அவருடைய கோப்பில் அடங்காமல், ஓரத்தைப் பட்டையாக வெட்டிக் கழித்தார். கழித்ததை மடித்து விளையாடியபோது பிறந்ததுதான் நீ இப்போது செய்யப்போகும், விரிக்க விரிக்க முகம் மாறும் அறுகோணம். பின்னாளில் பெரிய இயற்பியலாளரான ரிச்சர்டு ஃபெயின்மன் உட்பட நண்பர்கள் சேர்ந்து அதை ஆராய்ந்தார்கள். 1956-இல் கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அதைப் பற்றி எழுதியபின் உலகமெங்கும் பரவியது.

3-க்கும் 4-க்கும் இடையிலுள்ள கோட்டில் மிச்சப் பட்டையைப் பின்னால் மடி. 6-க்கும் 7-க்கும் இடையிலும் அப்படியே பின்னால். இப்போது 9-ஐ உருவி 1-இன் மேலே வை. 10-ஐப் பின்னால் மடித்து 1-இன் முதுகில் ஒட்டு. அறுகோணம் வந்துவிடும். பசை நன்றாகக் காயட்டும். எல்லாக் கோடுகளையும் இருபுறமும் மடித்துப் பழக்கு. பிறகு அடுத்தடுத்த இரண்டு முக்கோணங்களைக் கிள்ளிப் பிடித்து, எதிர்ப்பக்க மூலையை உள்ளே தள்ளி, நடுவிலிருந்து விரி. திறக்காவிட்டால் இழுக்காதே; பக்கத்துக் கோட்டுக்கு மாறிக் கிள்ளு. தெரியும் முகத்துக்குச் சிவப்பு, மறுபக்கத்துக்கு நீலம் பூசிவிட்டு மறுபடி விரித்துப் பார்: நீ வண்ணமே பூசாத மூன்றாவது முகம் வெளியே வரும்.

அன்புடன்,
மாமா